முதலில் அந்த ஏழு பேரைப் பேசுவோம்: சென்னையின் எஃப்.சி. ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நீலச்சட்டை நண்பர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். 2014-ல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தின் முதல் சீசன் தொடங்கியதிலிருந்து நேரு ஸ்டேடியம் கேலரியில் உங்கள் பக்கத்திலோ, இரண்டு வரிசை தள்ளியோ உட்கார்ந்திருப்பவன். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்கும். கோல் விழுந்தால் யார் எவர் என்று பார்க்காமல் கட்டிப்பிடித்திருக்கிறோம். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

சீசன் முடிந்ததும் நமக்கு இன்னொரு சீசன் தொடங்கிவிடும். யார் வருகிறார், யார் போகிறார், அடுத்த வருடம் கோப்பை யாருக்கு என்கிற பேச்சு. டீக்கடையில், மின்சார ரயிலில், ஆபீஸ் மாடிப்படியில் எங்கே இரண்டு பேர் சந்தித்தாலும் அதே பேச்சுதான். யாரோ ஒருவர் போனை நீட்டி, ஐரோப்பாவில் ஆடிய ஒரு ஸ்ட்ரைக்கரின் கோல்களைக் காட்டுவார். "இவர் மட்டும் வந்துட்டா போதும் மச்சான்" என்பார். அடுத்தவர் அவர் வயதைச் சொல்லி மறுப்பார். அரை மணி நேரம் சூடு பறக்கும். நானும் பத்து வருடமாக அதைத்தான் செய்தேன். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும், அதை விடச் சொல்லி எழுதவில்லை. தொடங்குகிற இடத்தை மாற்றி, முதலில் களத்தில் ஆடும் நம் ஏழு இந்திய வீரர்களைப் பேசச் சொல்லி எழுதுகிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். ஐ.எஸ்.எல். தொடங்கியபோது களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம். 2017-ல் அது ஐந்தாகக் குறைந்தது. 2021-ல் நான்கானது. அதாவது முதல் சீசனில் ஐந்து இந்திய வீரர்களை வைத்துச் சமாளித்த ஓர் அணிக்கு, 2021-க்குப் பிறகு ஏழு பேர் தேவை. பதினொன்றில் ஏழு! விதி இவ்வளவு மாறியும் நம் பேச்சு, முதல் சீசனில் நமக்கு ஆடிய பிரேசில்காரர் எலானோ காலத்திலேயே நிற்கிறது. வெளிநாட்டுப் பெயர் ஒன்று கசிந்தால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பேசுகிறோம். நம் கோல்கீப்பரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டால் நம்மில் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

நாம் கோப்பை வாங்கிய 2017-18 சீசனை நினைத்துப் பாருங்கள். பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூரு கேப்டன் சேத்ரி கோல் போட்டுவிட்டார். நமக்கு மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று, 3-2. லீக் சுற்றில் நம்மைவிட எட்டுப் புள்ளி அதிகம் எடுத்து முதலிடத்தில் இருந்த அணியை அவர்கள் ஊரிலேயே வென்றோம். மைல்சனின் அந்த இரண்டு கோல்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்த சீசன் எங்கே தொடங்கியது? 2017 ஜூலையில், கிளப்கள் முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன்னால், கைவிட மாட்டோம் என்று நம் கிளப் தக்கவைத்த நான்கு பெயர்களில் தொடங்கியது. ஜெஜே லால்பெக்லுவா, கரண்ஜித் சிங், ஜெர்ரி லால்ரின்சுவாலா, அனிருத் தாப்பா. முன்னால் ஒருவர், கோல் கம்பத்தில் ஒருவர், இடது ஓரத்தில் ஒரு பையன், நடுக்களத்தில் இன்னொரு பையன். ஜெஜே அந்த சீசனில் ஒன்பது கோல் போட்டார். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில், நம் மைதானத்தில், நம் ஊர்க்காரர் தன்பால் கணேஷ் தலையால் ஒரு கோல் போட்டபோது கேலரி போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்று என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் அழுதேவிட்டார். "நம்ம பையன்பா, நம்ம பையன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த வருடமே கடைசி இடத்துக்குப் போனோமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2018-19-ல் 18 ஆட்டம், இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி. ஜெஜே இருந்தார், தாப்பா இருந்தார், ஜெர்ரி இருந்தார், கரண்ஜித்தும் இருந்தார். தன்பால் கணேஷ் மட்டும் முழங்கால் காயத்தில் வெளியே இருந்தார். ஆட்களைத் தக்கவைத்தால் மட்டும் போதாது என்பதற்கு அந்த சீசன் சாட்சி, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைச் சேர்த்துப் பாருங்கள். 2019 கோடையில் தாப்பாவையும் ஜெர்ரியையும் வைத்துக்கொண்டு, அவர்களைச் சுற்றி விஷால் கைத், லாலியன்சுவாலா சாங்தே, எட்வின் சிட்னி வான்ஸ்பால், தீபக் டாங்ரி என்று இந்திய வீரர்கள் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் கோடையில் நாம் யாரைப் பற்றிப் பேசினோம்? வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி என்ற வெளிநாட்டு வீரர்களைப் பற்றி. கைத் வந்ததை நான் ஒரு வரியில் கடந்துவிட்டேன்.

முதல் ஆறு ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தோம். கோச் ஜான் கிரிகரி விலகினார், ஓவன் காயில் வந்தார், அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2020 மார்ச் 14, கொரோனாவால் ஒரு ரசிகர்கூட இல்லாத கோவா ஃபட்டோர்டா மைதானத்தில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே.யிடம் 1-3 என்று இறுதி ஆட்டத்தில் தோற்றோம். வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல். சாங்தே ஏழு.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்த மடலே இதற்காகத்தான்.

2020 கோடையில் காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போனார்கள். நாம் கொதித்தோம். வெளிநாட்டுக் கோச்சும் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரும் போனதற்காக நாள் கணக்கில் பேசினோம். காயில் அங்கே 2021-22-ல், லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தரும் ஷீல்டையே வாங்கிக் கொடுத்தார், அதனால் நம் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, சத்தமில்லாமல் போனவர்களைப் பாருங்கள். 2021-ல் டாங்ரி கொல்கத்தாவின் மோகன் பகான் பக்கம் போனார். 2022 ஜனவரியில் சாங்தே மும்பை சிட்டி. அதே ஆண்டு கோடையில் கைத் மோகன் பகான், ஜெர்ரி ஈஸ்ட் பெங்கால். 2023-ல் ஏழு வருடம் நம் சட்டையைப் போட்டு, கேப்டனாகவும் இருந்த தாப்பா மோகன் பகான், எட்வின் ஈஸ்ட் பெங்கால். இரண்டரை வருடத்துக்குள் ஓர் அணியின் முதுகெலும்பு முழுவதும் வெளியேறிவிட்டது. ஒவ்வொருவர் போகும்போதும் "சரி, ஒருத்தர்தானே" என்று நினைத்தோம்.

போனவர்கள் என்ன ஆனார்கள்? சாங்தே 2022-23-ல் பத்துக் கோல் போட்டு லீகின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். 2024 அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், கோவாவில் 0-2 என்று மும்பை பின்தங்கியிருந்தபோது, 90-ஆவது நிமிடத்திலிருந்து மூன்று கோல் விழுந்து 3-2 ஆனதே, அதில் இரண்டு சாங்தேயுடையவை. அந்த வருடம் கோப்பையும் மும்பைக்கே. விஷால் கைத் போன முதல் சீசனிலேயே சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை வாங்கினார், பெங்களூருவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் பெனால்டி ஷூட் அவுட்டில் ஒன்றைத் தடுத்துக் கோப்பையையும் தூக்கினார். 2024-25-ல் மோகன் பகான் 56 புள்ளியோடு ஷீல்டும் வாங்கி, கோப்பையும் வாங்கியது. அந்த அணியின் கோல்கீப்பர் கைத். நடுக்களத்தில் தாப்பா. அதே அணியில் டாங்ரி. அதே சீசனில் நாம் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது இடம்.

அந்தக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் தங்கை மகன் கேட்டான். வயது பதினொன்று. "மாமா, இவங்க மூணு பேரும் நம்ம டீம்ல இருந்தவங்கதானே? ஏன் போனாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்கள் போனபோது நான் கேட்காத கேள்வியை ஒரு சின்னப் பையன் கேட்கிறான். அன்று ராத்திரி பழைய அணிப் பட்டியல்களை எடுத்து எழுதத் தொடங்கியதுதான் இந்த மடலின் தொடக்கம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போன வீரர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை, உங்களுக்கும் இருக்கக் கூடாது. ஒரு ஃபுட்பால் வீரன் நல்ல சம்பளம் வாங்குவது பத்துப் பன்னிரண்டு வருடம். தன்பால் கணேஷின் முழங்கால் போல, ஒரு மோதலில் எல்லாம் மாறிவிடலாம். மிசோரத்திலிருந்தும் டேராடூனிலிருந்தும் பதினெட்டு வயதில் இங்கே வந்து, நம் வெயிலில் ஓடி, நமக்காகத் தோற்று அழுத பையன்கள் அவர்கள். எங்கே போனாலும் நன்றாக இருக்கட்டும். திரும்பி வந்து நமக்கு எதிராக ஆடும்போது அவர்களைத் திட்டுகிற குரல் கேலரியில் எழுந்தால், பக்கத்தில் இருப்பவர் தோளில் கை வைத்து நிறுத்துங்கள். கிளப்பை நடத்துபவர்களின் பணக் கணக்கும் எளிதானதல்ல, அதுவும் எனக்குப் புரிகிறது. கொல்கத்தாவின் பெரிய கிளப் விலை சொன்னால் எல்லோராலும் ஈடு கொடுக்க முடியாது.

ஆனால் நாம் கேட்காவிட்டால் யார் கேட்பார்கள்?

இங்கேதான் நம் விவாதம் நடக்கும் நேரத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. இந்தியாவில் வழக்கமாக வீரர்களின் ஒப்பந்தம் மே 31-ல் முடியும். ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தத்தில் ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ மீதமிருந்தால் அந்த வீரர் வேறு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்துப் போடலாம். அப்படியென்றால் மே மாதம் ஒப்பந்தம் முடிகிற ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டுமா என்கிற கேள்வி டிசம்பருக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். நாம் ஜூன் மாதம் டீ குடித்துக்கொண்டே "அவரை விட்டுடக் கூடாது" என்று பேசும்போது அவர் புதுச் சட்டையின் அளவைக் கொடுத்துவிட்டிருப்பார். ஆறு மாதம் தாமதமாகப் பேசுகிறோம். தீபாவளிக்கு முன்னால் இந்தப் பேச்சு கேலரியில் ஓட வேண்டும். பேனரில் வர வேண்டும். ரசிகர் சந்திப்பு நடந்தால், "புது ஸ்ட்ரைக்கர் யார்" என்பதற்கு முன்னால் "யார் யாருடைய ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறீர்கள்" என்று கேட்க வேண்டும்.

அடுத்த சீசனில் யார் ஜெயிப்பார்கள் என்று கணிக்கவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 2024-25 மோகன் பகானையே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்லாரன், கமிங்ஸ், பெட்ராடோஸ் என்று அதன் வெளிநாட்டு வீரர்களையே நாம் பேசுகிறோம். அவர்களுக்குப் பின்னால் இருந்த இந்திய வீரர்கள் எங்கிருந்து, எப்போது வந்தார்கள் என்று எழுதிப் பார்த்தேன். மன்வீர் சிங் கோவாவிலிருந்து 2020-ல். சுபாசிஷ் போஸ் மும்பையிலிருந்து அதே ஆண்டு. லிஸ்டன் கொலாசோ ஹைதராபாத்திலிருந்து 2021-ல், ஆசிஷ் ராய் அதே ஹைதராபாத்திலிருந்து 2022-ல். கைத் 2022, தாப்பா 2023, சஹல் கேரளாவிலிருந்து 2023, அபுயா மும்பையிலிருந்து 2024. ஒரே கோடையில் கட்டியது அல்ல. வருடத்துக்கு ஒருவர் இருவராக, ஐந்து வருடம் பொறுமையாக அடுக்கியிருக்கிறார்கள். வந்த இவர்களை விடவும் இல்லை. 2022-ல் கோப்பை வாங்கிய ஹைதராபாத், பணச் சிக்கலில் ஆட்களை இழந்து இரண்டே வருடத்தில் அடிமட்டத்துக்குப் போனதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அணிக்கும் ஏழு இந்தியப் பெயரை எழுதி, அதில் எத்தனை பேர் இரண்டு சீசனாகச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்று எண்ணினால், நான்கு வெளிநாட்டுப் பெயரை வைத்துச் சண்டை போடுவதைவிட உண்மைக்குப் பக்கத்தில் வருவீர்கள். எந்தப் பட்டியலும் எப்போதும் சரியாக இருக்காது. 2015-ல் பாதி சீசனில் கடைசியில் கிடந்த நாம் கோப்பையைத் தூக்குவோம் என்று எந்தப் பட்டியல் சொல்லியிருக்கும்?

அந்த 2015-ஐ நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது. டிசம்பர் வெள்ளம். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வீட்டு அரையிறுதியை இங்கே ஆட முடியாமல் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே போய் ஏ.டி.கே.யை 3-0 என்று அடித்தார்கள். அப்புறம் கோவாவில் இறுதி ஆட்டம், 89 நிமிடம் வரை 1-2. கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டு சொந்தக் கோல், அடுத்த இரண்டு நிமிடத்தில் நம் மெண்டோசா ஒரு கோல். மின்சாரம் வந்து சில நாளே ஆன வீட்டில், ஈரச் சுவர் வாசனையோடு, நாங்கள் எட்டுப் பேர் குதித்த குதி. இந்த அணி எனக்கு என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

நம் ஊர்ப் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழு பேர் வேண்டும் என்றால் அதில் இரண்டு பேராவது இங்கிருந்து ஏன் வரக் கூடாது? திறமை இல்லாத மண்ணா இது? சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக ஆடி, ஒரே கோலில் மோகன் பகானைச் சாய்த்தார். நான்கரை வருடமாக மோகன் பகானுக்கு எதிரான டெர்பி (ஒரே ஊர் அணிகளின் மோதல்) ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அன்று கொல்கத்தாவில் அவர் பெயரைக் கத்தினார்கள். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூரிலும் கொல்கத்தாவிலும் ஆடினார். 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலைத் தாண்டி ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகை வென்றபோது, அந்த அணியில் எட்வின் உட்படத் தமிழ்நாட்டு வீரர்கள் பலர் இருந்தார்கள். அந்தக் கிளப் இன்று ஐ-லீகில் இல்லை. அதோடு ஒரு வாசலும் மூடிவிட்டது. வியாசர்பாடியிலும் தூத்தூர் கடற்கரையிலும் சாயங்காலம் பந்து உதைக்கிற பிள்ளைகளுக்கு, மாநிலத்தில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய வாசல் நம் கிளப்தான். சென்னை உள்ளூர் லீகின் சீனியர் டிவிஷன் ஆட்டங்களுக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? நானே வருடத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம்தான் பார்த்திருக்கிறேன். இனி மாதத்துக்கு இரண்டாவது பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். யார் நன்றாக ஆடுகிறார் என்று நமக்கே தெரியாமல் கிளப்பிடம் எந்தப் பெயரைச் சொல்வது?

2025 கோடையை மறந்துவிடாதீர்கள். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக் நடத்துபவர்களுக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடியப்போகிறது, புதுப்பிப்பு பற்றி முடிவில்லை என்று லீகையே நிறுத்தி வைத்தார்கள். யார் வருவார், யார் போவார் என்று பேசவே முடியாத ஒரு கோடை அது. சீசன் இருக்குமா என்பதே தெரியாதபோது வெளிநாட்டுப் பெயர்களை யார் பேசுவது? பயிற்சி இல்லாமல், மாதச் சம்பளம் வருமா என்று தெரியாமல் தவித்தவர்களில் பெரும்பாலோர் இந்திய வீரர்கள். வேறு நாட்டு லீகுக்குப் போகிற வழி அவர்களில் பலருக்கு இல்லை. 2026 பிப்ரவரியில்தான் சுருக்கிய வடிவில் ஆட்டம் தொடங்கியது. அந்த மாதங்களில் தனியாக ஓடிப் பழகி, உடம்பைக் காப்பாற்றி, திரும்பி வந்து நம் சட்டையைப் போட்ட ஒவ்வொருவர் பெயரும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, பெரம்பூர் ஸ்டேஷன் எதிரில் வழக்கமாக நாம் கூடுகிற டீக்கடையில் இருப்பேன். என் ஏழு பெயரை வயதோடும் ஒப்பந்தம் முடியும் ஆண்டோடும் எழுதிக்கொண்டு வருகிறேன். இடது பேக் இடத்துக்கு இரண்டு பெயர் வைத்து இன்னும் முடிவு செய்யாமல் இருக்கிறேன், அதில் உங்கள் உதவி வேண்டும். உங்கள் பட்டியலையும் கொண்டு வாருங்கள். அதைப் பேசி முடித்த பிறகு அந்த ஸ்ட்ரைக்கர் வீடியோவையும் பார்க்கலாம்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து உங்களில் ஒருவன்